எறும்புக்குக் கொடுத்த கண்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது எட்வர்ட் ஓ. வில்சன் என்ற பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை நிறையக் கிடக்கின்றன. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நாற்பது ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர். எறும்பை உலகத்துக்கு அறிமுகம் செய்து வைத்தவர். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். அதனால் சினிமாவும் அரசியலும் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

கேள்வி: என் மகள் பூச்சியியலில் மேல்படிப்பு படிக்கப் போகிறேன் என்கிறாள். "பூச்சி பிடிக்கவா இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல? (ஒரு தாய், தென்காசி)

பதில்: "ஆமாம், பூச்சி பிடிக்கத்தான்" என்று சொல்லுங்கள். நெல்லில் புகையான், தென்னையில் காண்டாமிருக வண்டு, வீட்டில் டெங்குக் கொசு. இதையெல்லாம் படித்தவர் பிடிக்காமல் யார் பிடிப்பது? கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, புதுச்சேரியில் நோய் பரப்பும் கொசுக்களை ஆராயும் மத்திய அரசு மையம் வரை உங்கள் மகளுக்கு வாசல்கள் இருக்கின்றன. வில்சன் ஒன்றும் வசதியான வீட்டுப் பிள்ளை இல்லை. 1929இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். ஏழு வயதில் பெற்றோர் பிரிந்தார்கள். அரசாங்கக் கணக்கராக இருந்த அப்பா ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்தார். பள்ளி மாறும், நண்பர்கள் மாறுவார்கள். எந்த ஊருக்குப் போனாலும் எறும்பு மட்டும் முன்னமே வந்து காத்திருக்கும்.

கேள்வி: வில்சனுக்கு ஒரு கண் தெரியாது என்கிறார்களே, உண்மையா? (கண் மருத்துவ உதவியாளர், மதுரை)

பதில்: உண்மை. 1936 கோடை. ஃபுளோரிடாவில் பாரடைஸ் பீச் என்ற கடற்கரை. ஏழு வயதுப் பையன் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான். முதுகில் ஊசி ஊசியாக முள் உள்ள சின்ன மீன் ஒன்று மாட்ட, வெடுக்கென்று இழுத்தான். மீன் பறந்து வந்து முகத்தில் அடித்தது. முள் வலது கண்ணில் ஏறியது. வலி உயிர் போகிறது. ஆனால் வீட்டில் சொன்னால் மீன்பிடிப்பு நின்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அன்று முழுக்கத் தூண்டிலோடு இருந்திருக்கிறான். சில மாதங்களில் கண்ணில் புரை விழுந்தது. அறுவைசிகிச்சையில் விழியாடியையே எடுத்துவிட்டார்கள். வலது கண் போனது போனதுதான்.

வளரும் வயதில் காதும் கொஞ்சம் குறைந்தது. மெல்லிய, உச்சமான ஒலிகள் கேட்கவில்லை. இயற்கையில் ஆசை உள்ள பையன் பறவை பக்கம் போகலாம், தவளை பக்கம் போகலாம். ஆனால் இரண்டையும் முதலில் காதால்தான் தேட வேண்டும். தூரத்து மானைக் கண்டு குறிவைத்துப் பார்க்க இரண்டு கண்ணும் வேண்டும். அவரிடம் மிச்சம் இருந்தது இடது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணோ கிட்டத்தில் அபாரமாகத் தெரியும் கண். ஒரு பூச்சியை விரல்நுனியில் எடுத்து முகத்தருகே கொண்டுவந்தால் அதன் உடம்பில் உள்ள மயிர் வரை தெரியும்.

பதினேழு வயதில், படிப்புச் செலவுக்கு அரசு உதவி கிடைக்குமே என்று ராணுவத்தில் சேரப் போனார். கண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கண்ணை அவர்கள் பார்த்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பொறுக்கவில்லை.

கேள்வி: பூச்சி சரி. அதில் எறும்பு ஏன்? பட்டாம்பூச்சி அழகாக இல்லையா? (ஓவிய ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: பட்டாம்பூச்சியும் பிடித்துப் பார்த்தார். பிறகு ஈக்களைச் சேகரிக்கலாம் என்று நினைத்தார். அதற்குத் தனி ஊசி வேண்டும். துருப்பிடிக்காத, மெல்லிய, கறுப்பு ஊசி. அது செக்கோஸ்லோவாகியாவில் இருந்து வரும். இரண்டாம் உலகப்போரில் ஊசி வரத்து நின்றுபோனது. எறும்புக்கு ஊசி வேண்டாம்; சின்னக் குப்பியில் ஆல்கஹால் ஊற்றிப் போட்டு வைத்தால் போதும். ஊசி கிடைத்திருந்தால் இன்று நான் ஈயைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பேன்.

ஆசைக்கு வித்து அதற்கும் முன்னால் விழுந்தது. வாஷிங்டனில் குடியிருந்தபோது, அங்குள்ள தேசிய விலங்குக்காட்சிச் சாலையின் தலைவர் வில்லியம் மான் எறும்புகளைப் பற்றி நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் எழுதிய கட்டுரையைச் சிறுவன் படித்தான். சிங்கம், புலி எல்லாவற்றையும் கட்டி ஆள்கிற மனிதரே எறும்பைத்தான் தேடி அலைந்தார் என்றால், அந்த வயதுக்கு அது போதாதா?

கேள்வி: "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்பது விஞ்ஞானப்படி சரியா? (தமிழாசிரியை, விருதுநகர்)

பதில்: கல் தேய்ந்ததை நான் பார்த்ததில்லை அம்மா, மண் புரள்வதைப் பார்த்திருக்கிறேன். 2022இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் உள்ள எறும்புகள் 20,000 லட்சம் கோடி. ஆளுக்கு 25 லட்சம். காட்டுப் பறவைகளையும் காட்டுப் பாலூட்டிகளையும் தராசில் ஒரு தட்டிலும், எறும்புகளை மறு தட்டிலும் வைத்தால் எறும்புத் தட்டு தாழும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் எறும்பு பெருகி ஆடுமாடுகளை வதைத்ததே. இதற்கெல்லாம் வில்சன் என்ன செய்தார்? (விவசாயி, நத்தம்)

பதில்: உங்கள் வேதனை 2022இல் செய்தியாக வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் அவர்தான். 1942இல், பதின்மூன்று வயதில், மொபைல் என்ற துறைமுக ஊரில் தன் வீட்டுப் பக்கத்து வெற்று மனையில் இருக்கும் புற்றுகளை எல்லாம் எண்ணிக் கணக்கெடுத்தார். அதில் ஒன்று யாரும் அதற்கு முன் அந்நாட்டில் பதிவு செய்யாத செந்தீ எறும்பு. தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் சரக்கோடு வந்து இறங்கியது. பின்னாளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களை எல்லாம் பிடித்துக்கொண்ட எறும்பு, முதன்முதலில் ஒரு பள்ளிச் சிறுவனின் நோட்டில் பதிவானது. 1949இல், கல்லூரி மாணவராக இருக்கும்போதே, அந்த எறும்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளந்து சொல்ல மாநில அரசு அவரைத்தான் கூப்பிட்டது.

அதன்பிறகு 1957இல் மத்திய அரசு விமானத்தில் இருந்து மருந்து கொட்டியது. ஹெப்டாகுளோர், டீல்ட்ரின் என்று கொடிய மருந்துகள். பறவைகள் செத்தன, கால்நடைகள் செத்தன, எறும்பு சாகவில்லை. எழுத்தாளர் ரேச்சல் கார்சன், பூச்சிமருந்துகளுக்கு எதிரான தன் 'மௌன வசந்தம்' நூலில் கொதித்து எழுதியதில் இந்த அநியாயமும் ஒன்று. அந்த ஒழிப்புத் திட்டத்தைப் பூச்சியியலின் வியட்நாம் என்று வில்சன் வர்ணித்தார். உங்கள் ஊருக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான்: முதலில் எண்ணத் தெரிந்த ஓர் ஆள் வரட்டும், மருந்து டப்பா பிறகு வரட்டும்.

கேள்வி: அவர் இலங்கைக்கு வந்திருக்கிறாரா? (தோட்டப் பாடசாலை அதிபர், இரத்தினபுரி)

பதில்: வந்திருக்கிறார், உங்கள் ஊருக்கே வந்திருக்கிறார்! 1954 கடைசியில் புறப்பட்டு நியூ கலிடோனியா, ஆஸ்திரேலியா, நியூ கினி என்று காடு காடாகச் சுற்றி முடித்து, 1955இல் இலங்கையில் கால் வைத்தார். வந்தது ஒரே ஓர் எறும்புக்காக. அனியூரெட்டஸ் சைமோனி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிப் பக்கம் சில எறும்புகளைப் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அதன் வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பால்டிக் கடலோரத்து அம்பரில், அதாவது கல்லாய் இறுகிய பழைய மரப்பிசினில், இதன் உறவுகள் சமைந்து கிடக்கின்றன. உயிரோடு மிஞ்சியது இந்த ஒரே இனம்.

கண்டியில் உடவத்தைக் காட்டில் தேடினார், அகப்படவில்லை. தெற்கே இறங்கி இரத்தினபுரிக்கு வந்தார். கிலிமலைக் காட்டில் கிடைத்தது. சிவனொளிபாதமலைப் பக்கமும் கிடைத்தது. மஞ்சள் நிறம், மெலிந்த உடம்பு. தரையில் கிடக்கும் உளுத்த சுள்ளிக்குள் குடியிருப்பு. நீங்கள் தினமும் மிதித்துக் கடக்கிற சுள்ளியாக இருக்கலாம். உலகில் வேறெந்த நாட்டிலும் கிடையாது, இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு மாணிக்கக் கல்லைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த எறும்பைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொடுங்கள் ஐயா.

கேள்வி: இவ்வளவு நாள் காடு சுற்றியவருக்குக் குடும்பம் உண்டா? (இல்லத்தரசி, சேலம்)

பதில்: நிச்சயம் முடித்துவிட்டுத்தான் அந்தப் பயணமே போனார். ஐரீன் கெல்லிக்குக் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறார். 1955இல் திரும்பி வந்த கையோடு திருமணம். 2021 ஆகஸ்டில் ஐரீன் இறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 26இல், 92 வயதில், இவரும் போய்விட்டார்.

கேள்வி: செத்த எறும்பை மற்ற எறும்புகள் தூக்கிக்கொண்டு போகின்றனவே, அதற்குத் துக்கம் தெரியுமா? (ஓட்டுநர், ஈரோடு)

பதில்: இதே கேள்வியைத்தான் அவர் வேறு மாதிரி கேட்டார்: செத்துவிட்டது என்று எப்படித் தெரிகிறது? கவனித்துப் பார்த்தால், எறும்பு செத்தவுடன் யாரும் கண்டுகொள்வதில்லை. கால் மடங்கி அங்கேயே கிடக்கும். இரண்டு நாள் கழித்துத்தான் ஒன்று வந்து தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போடும். அப்படியானால் அந்த இரண்டு நாளில் ஏதோ வாசனை கிளம்புகிறது. அழுகும் பூச்சியில் இருந்து வரக்கூடிய வேதிப்பொருள்களை ஒவ்வொன்றாகச் சேகரித்துத் தடவிப் பார்த்தார். ஆய்வுக்கூடம் முழுக்கப் பிணவாடை. கடைசியில் சிக்கியது ஓலியிக் அமிலம். நம் சமையல் எண்ணெயில் உள்ளதுதான்.

அதில் ஒரு சொட்டை உயிருள்ள எறும்பின் மேல் வைத்தார். மற்றவை ஓடி வந்து அதைத் தூக்கின. கால் உதைத்தாலும் விடவில்லை. நேரே குப்பைமேடு. அது எழுந்து நடந்து வீட்டுக்குத் திரும்பும். மறுபடி தூக்கிக்கொண்டு போவார்கள். உடம்பை நக்கி நக்கி அந்த வாசனை போன பிறகுதான் அதை உயிருள்ளதாக ஏற்றுக்கொண்டன. 1958இல் இது கட்டுரையாக வந்தது. துக்கம் தெரியுமா என்ற உங்கள் கேள்விக்கு, எறும்புக்கு உலகமே மூக்கில்தான் இருக்கிறது என்பதுதான் என் பதில். நாம் மூக்கு என்பது அதற்குக் கொம்பு, உணர்கொம்பு.

கேள்வி: ஒன்பது கோடி வருடத்து எறும்பை உடைத்துவிட்டாராமே? (நகைத் தொழிலாளி, கோயம்புத்தூர்)

பதில்: எறும்பை இல்லை, அது இருந்த அம்பரை. நியூ ஜெர்சி கடற்கரையில் 1966இல் ஒரு வயதான தம்பதி கண்டெடுத்த துண்டு. உள்ளே இரண்டு எறும்புகள். அதுவரை அத்தனை பழைய எறும்பை யாரும் கண்டதில்லை. வில்சன் கைக்கு வந்ததும் பரபரப்பில் நழுவித் தரையில் விழுந்து இரண்டாகப் போனது. ஒரு துண்டுக்கு ஓர் எறும்பு, இரண்டுக்கும் சேதமில்லை. பாதி குளவி, பாதி எறும்பு என்று சொல்லும்படியான உருவம். கண்டெடுத்தவர்களின் குடும்பப் பெயரையே சேர்த்து, ஸ்ஃபீக்கோமிர்மா ஃப்ரேயி என்று பெயர் வைத்தார்கள். உங்கள் தொழிலில் கல் நழுவினால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் அன்று அதே பாடுதான்.

கேள்வி: ஒரு தீவில் உள்ள எல்லா உயிரையும் கொன்றவர் எப்படி இயற்கைக் காவலர் ஆவார்? (சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: குற்றப்பத்திரிகை சரியாக இருக்கிறது, அளவைச் சொல்லவில்லையே! ஃபுளோரிடாவின் தென்கோடியில், கடலுக்குள் அலையாத்தி மரங்கள் கூட்டமாக நிற்கும் திட்டுகள் உண்டு. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்குப் புரியும். சுமார் பதினைந்து மீட்டர் அகலமே உள்ள திட்டுகள். அங்கே பூச்சிகளும் சிலந்திகளும்தான் குடிமக்கள். 1963இல் வில்சனும் சூழலியலாளர் ராபர்ட் மெக்கார்தரும் ஒரு கோட்பாடு சொன்னார்கள். 1967இல் அதைப் புத்தகமாகவே எழுதினார்கள். ஒரு தீவில் எத்தனை இனம் வாழும் என்பதை அதன் பரப்பும், கரையில் இருந்து அதன் தூரமும் தீர்மானிக்கும். புதிதாக வருவதும் பழையது அழிவதும் ஒரு கட்டத்தில் சமமாகும்.

சொன்னால் போதுமா? சோதிக்க வேண்டுமே. மாணவர் டேனியல் சிம்பர்லாஃபும் அவரும் திட்டுகளை ஒவ்வொன்றாகக் கூடாரம் போட்டு மூடி, கரையான் மருந்தடிக்கும் ஆட்களைக் கொண்டு புகை ஏற்றினார்கள். மரம் பிழைத்தது, பூச்சிகள் போயின. பிறகு சிம்பர்லாஃப் இடுப்பளவு சேற்றில் நின்று, யார் திரும்பி வருகிறார்கள் என்று எண்ணினார். ஓராண்டுக்குள் இனங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பழைய அளவுக்கே வந்துவிட்டது. கரைக்குக் கிட்ட இருந்த திட்டில் கூடுதல், எட்ட இருந்ததில் குறைவு. எண்ணிக்கைதான் அதே, வந்த இனங்கள் வேறு.

இதை நீங்கள் கொலை வழக்காகப் பார்க்கிறீர்கள். நான் வேறு வழக்கில் சாட்சியாகப் பார்க்கிறேன். சாலையும் தோட்டமும் சூழ்ந்து நடுவில் மிஞ்சிய காடும் ஒரு தீவுதான். பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் இனங்கள் ஏறத்தாழப் பாதியாகும் என்ற கணக்கை இன்று காடு காக்க வாதாடுகிறவர்கள் கையில் கொடுத்தது இந்த ஆராய்ச்சிதான். பூமியில் பாதியை மற்ற உயிர்களுக்கு விட்டுவிடுங்கள் என்று 2016இல் அவர் புத்தகம் எழுதியதன் வேரும் இங்கேதான். மெக்கார்தர் அதைப் பார்க்க இல்லை. 1972இல், 42 வயதில், புற்றுநோய் கொண்டுபோய்விட்டது.

கேள்வி: மேடையில் அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார்களாமே? ஏன்? (வங்கி ஊழியர், சென்னை)

பதில்: 1978 பிப்ரவரி, வாஷிங்டன், பெரிய அறிவியல் மாநாடு. அவர் காலில் மாவுக்கட்டு. பனியில் வழுக்கி விழுந்திருந்தார். போராட்டக்காரர்கள் மேடையேறி ஒரு குவளைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தார்கள். துடைத்துக்கொண்டு உரையை வாசித்தார்.

காரணம் 1975இல் வந்த 'சமூக உயிரியல்' என்ற நூல். எறும்பு, குரங்கு என்று வரிசையாகச் சமூக வாழ்வை விளக்கிக்கொண்டே போய், கடைசி அத்தியாயத்தில் மனிதனையும் அதே பந்தியில் உட்கார வைத்தார். ரிச்சர்ட் லெவன்டினும் ஸ்டீபன் ஜே கூல்டும் எதிர்த்தார்கள். இருவரும் அதே ஹார்வர்டு ஆசிரியர்கள். பிறப்பே எல்லாம் என்று சொல்லி இனவெறிக்கு வாசல் திறக்கிறாய் என்பது அவர்கள் வாதம்.

தண்ணீர் ஊற்றியது தப்பு. பயம் தப்பில்லை என்பது என் எண்ணம். பிறப்பை வைத்து மனிதனைத் தரம் பிரித்தால் என்ன ஆகும் என்று நம்மைவிட அறிந்தவர் யார்? வில்சன் வாழ்ந்தவரை நான் இனவாதி இல்லை என்றே சொன்னார். ஆனால் அவர் இறந்த மறு ஆண்டு, இனங்களுக்கிடையே அறிவில் ஏற்றத்தாழ்வு உண்டென்று எழுதிய பிலிப் ரஷ்டனுக்கு அவர் மறைவாக ஆதரவு தந்த கடிதங்களை ஆய்வாளர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். படித்தபோது எனக்கு வலித்தது. எறும்பின் மயிரை எண்ணிய கண், இங்கே கவனமாகப் பார்க்கவில்லை. அவரை நேசிக்கிறவன்தான் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: புலிட்சர் பரிசு எத்தனை முறை? (போட்டித் தேர்வர், தருமபுரி)

பதில்: இரண்டு. 1979இல் மனித இயல்பு பற்றிய நூலுக்கு. 1991இல் பெர்ட் ஹோல்டாப்ளரோடு சேர்ந்து எழுதிய 'எறும்புகள்' நூலுக்கு. இரண்டாவதைக் கையில் தூக்கினால் மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். தேர்வுக்கு வாழ்த்துகள்.

கேள்வி: அவர் எழுதியதில் உங்களுக்கு மிகப் பிடித்தது எது? (நூலகர், தஞ்சாவூர்)

பதில்: பரிசு வாங்கியது எதுவும் இல்லை. 2003இல் வந்த ஒரு வகைப்பாட்டு நூல். ஃபைடோலி என்ற ஒரே பேரினம், அதிலும் அமெரிக்கக் கண்டங்களில் வாழ்பவை மட்டும். 624 இனங்கள்; அதில் 337 அறிவியலுக்குப் புதியவை. படங்கள் 5,000க்கு மேல், எல்லாம் அவரே நுண்ணோக்கியில் குனிந்து கையால் வரைந்தவை. உலகப் புகழ் வந்தபிறகு, வேலையில் இருந்து ஓய்வும் பெற்றபிறகு, எழுபது வயதைத் தாண்டி, ஓர் எறும்புத் தலையில் உள்ள வரியை வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெரிய கோட்பாடுகளுக்கு எதிர்ப்பு வந்தது. இரத்த உறவுக்கு உதவும் குணமே சமூக வாழ்வை வளர்த்தது என்னும் உறவுத் தேர்வுக் கோட்பாட்டை 2010இல் மறுத்து எழுதியபோது நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். இந்த 337 எறும்புகளை மறுத்து யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

ஃபைடோலி நம் ஊரிலும் உண்டு. முற்றத்தில் சோற்றுப் பருக்கையை மொய்க்கும் சின்ன எறும்புகளுக்கு நடுவே, உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையோடு ஒன்றிரண்டு நிற்குமே, அதுதான்.

கேள்வி: நம் பக்கம் அப்படி யாரும் இல்லையா? (பேராசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: டி. என். அனந்தகிருஷ்ணன். எறும்பைவிடச் சின்னதான இலைப்பேனுக்கு வாழ்நாளைக் கொடுத்தவர். மிளகாய்ச் செடியில் இலை சுருண்டு நிற்கிறதே, அந்த வேலையைச் செய்வதும் ஓர் இலைப்பேன்தான். இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையின் இயக்குநராக இருந்தார். சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். அவருக்காகத் தனியாக ஒரு வாரம் ஒதுக்க வேண்டும், ஒதுக்குவேன்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எறும்பு ஆராய்ச்சி செய்ய மைக்ராஸ்கோப் வேண்டுமா? (மாணவி, நாகர்கோவில்)

பதில்: வேண்டாம் தங்கம். ஒரு வெள்ளைத் தாள், கொஞ்சம் வெல்லம், ஒரு துண்டு கருவாடு போதும். எறும்பு நடமாடும் சுவரோரம் தாளை விரித்து, வெல்லத்தை ஒரு மூலையிலும் கருவாட்டை மறு மூலையிலும் வை. முதலில் ஒன்று வரும். தின்றுவிட்டுத் திரும்பிப் போகும்போது சில எறும்புகள் வயிற்றைத் தரையில் தேய்த்தாற்போலப் போகும். நன்றாகக் குனிந்து பார். வழியில் வாசனைக் கோடு போடுகிறது. சற்று நேரத்தில் அந்தக் கோட்டிலேயே ஒரு படை வரும்.

அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று வில்சன் தேடினார். தீ எறும்பின் வயிற்றில் உள்ள சுரப்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து நசுக்கி, கண்ணாடியில் கோடு இழுத்துப் பார்த்தார். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சுரப்பியைத் தேய்த்தபோது, புற்றில் இருந்து எறும்புகள் கொட்டினாற்போல வெளியே வந்து, அவர் இழுத்த கோட்டிலேயே நடந்தன. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

நீ சுரப்பியை எல்லாம் பிரிக்க வேண்டாம். படை வந்ததும், நடுவழியில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரத்துணியால் துடைத்துவிடு. அந்த இடத்துக்கு வந்ததும் எறும்புகள் என்ன செய்கின்றன, எத்தனை நிமிடத்தில் மறுபடி வழி கண்டுபிடிக்கின்றன, முதலில் கடந்தது வெல்லத்துப் பக்கமா கருவாட்டுப் பக்கமா என்று தேதி போட்டு நோட்டில் எழுது. முசுறு இருக்கும் மரத்தடியில் மட்டும் உட்காராதே, கடி தாங்க மாட்டாய். எழுதியதை எனக்கு அனுப்பு. அடுத்த இதழில் இந்தப் பக்கத்தின் முதல் பத்தியை உனக்காக வைத்திருக்கிறேன்.